ஓடினவன் கதையும் நின்றவன் கதையும்

சிறையிலிருந்து ஒருவன் தப்பி ஓடினான் என்று பத்திரிகையில் வந்துவிட்டால் போதும். அன்றைக்குக் காப்பி கொஞ்சம் ஆறிப் போனாலும் நாம் கவலைப்படுவதில்லை. எப்படி ஓடினான், சுவர் எத்தனை அடி, வெளியில் கார் வைத்துக்கொண்டு காத்திருந்தது யார் என்று வரி விடாமல் படிக்கிறோம். ஓடினவன் நல்லவனா கெட்டவனா என்பது அப்புறம். நம் மனசில் எங்கோ ஒரு மூலையில், "ஓடு, ஓடு!" என்று ஒரு குரல் கேட்கத்தான் செய்கிறது.

1942ஆம் வருஷம் தீபாவளி இரவில் ஹஜாரிபாக் சிறையிலிருந்து ஜயப்பிரகாச நாராயணனும் ஐந்து தோழர்களும் வேட்டிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கிச் சுவர் ஏறிக் குதித்தார்கள். உள்ளே தீபாவளிக் கொண்டாட்டம் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டாலும் அலுப்பதில்லை. அது தேச பக்தி. ஆனால் 1986ஆம் வருஷம் மார்ச் மாதம் சார்லஸ் சோப்ராஜ் திஹார் சிறையிலிருந்து வெளியேறினானே, அது எந்த பக்தியிலும் சேர்த்தி இல்லை. தனக்குப் பிறந்த நாள் என்று சொல்லி மிட்டாய் வழங்கினான்; அதில் மயக்க மருந்து. காவலர்கள் சுருண்டு படுத்தார்கள். அவன் வாசல் வழியாகவே நடந்து போய்விட்டான். அடுத்த மாதம் கோவாவில் ஒரு ஹோட்டலில் பிடிபட்டான். இந்தக் கதையையும் நாம் வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்டோம்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எல்லோரும் கதாநாயகனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறானே, அந்தப் பாத்திரத்துக்கு மாசச் சம்பளம் எவ்வளவு என்று அவனுக்குத் தோன்றும். அந்தத் தீபாவளி இரவில் ஹஜாரிபாக்கில் காவல் முறை யாருடையது? மறுநாள் காலையில் எண்ணிக்கை எடுத்தபோது ஆறு தலை குறைகிறது என்று சூப்பரிண்டெண்டிடம் போய்ச் சொன்னவன் யார்? சொல்லும்போது அவன் நாக்கு எப்படிப் புரண்டிருக்கும்? கதை சொல்கிறவர்கள் சுவருக்கு வெளியே குதித்தவர்களோடு காட்டுக்குள் போய்விடுகிறார்கள். சுவருக்கு உள்ளே நின்றவனோடு ஒருவரும் நிற்பதில்லை.

எங்கள் தெருக்கோடியில் ரிடயரான ஏட்டு ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்ணையில் வந்து உட்காருவார். உத்தியோகம் போய்ப் பல வருஷமாகியும் முதுகு இன்னும் வளையவில்லை. அவரிடம் ஒரு நாள் இந்தச் சந்தேகத்தைக் கேட்டேன்.

"ஏட்டையா, கைதி ஓடிப் போனால் போலீஸ்காரனை என்ன செய்வார்கள்?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இருநூத்தி இருபத்து மூணு சார்" என்றார். வேறு ஒருவர் தம் சொந்த ஊரின் பெயரைச் சொல்வதைப் போல அவ்வளவு சகஜமாக வந்தது அந்த எண்.

1996ல் நடந்த சங்கதி. பக்கத்து ஊர்க் கோர்ட்டில் மூன்று ரிமாண்டுக் கைதிகளை ஆஜர்படுத்த வேண்டும். போனவர்கள் இரண்டு பேர்: இவரும், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் நிறையாத ஒரு கான்ஸ்டபிள் பையனும். வண்டி கேட்டதற்கு வண்டி இல்லை என்று பதில். ஆகவே டவுன் பஸ். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மூவரில் ஒருவன், சைக்கிள் திருடின பயல், இருபது வயசு இருக்கும், குமட்டுகிறது என்றான். ஏட்டையா அவனைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். மற்ற இருவரும் பஸ்ஸுக்குள் கான்ஸ்டபிள் பொறுப்பில்.

"நிஜமாவே வாந்தி எடுத்தான் சார். நடிப்பு இல்லே. கண்ணெல்லாம் செருகிடுச்சு. பஸ்ஸிலே இருந்து ஒரு அம்மா தண்ணி பாட்டிலை நீட்டினாங்க. வாங்கறதுக்குத் திரும்பினேன். திரும்பினது அவ்வளவுதான். குனிஞ்சான், கேட்டுக்கு அடியிலே போயிட்டான். நான் கேட்டைத் தாண்டறதுக்குள்ளே கூட்ஸ் வண்டி வந்துட்டுது."

"அப்புறம்?"

"நாற்பத்தேழு வாகன் சார். எண்ணினேன். வேறே என்ன செய்யறது?"

வண்டி போன பிறகு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கருவேலங் காடும் இரண்டு ஆடுகளும் இருந்தனவாம்.

பயல் பதினோராம் நாள் மாமியார் வீட்டில் அகப்பட்டுவிட்டான். திருட்டுக்கு ஆறு மாதம், காவலிலிருந்து தப்பியதற்கு மூன்று மாதம் என்று தண்டனை அடைந்து, அனுபவித்து, வெளியே வந்து, வெல்ல மண்டியில் மூட்டை தூக்கும் வேலையும் தேடிக்கொண்டான். அப்போதும் ஏட்டையாவின் கேஸ் முடியவில்லை. அது மூன்று வருஷமும் இரண்டு மாதமும் நடந்தது. அதில் முதல் எட்டு மாதம் சஸ்பென்ஷன். பாதிச் சம்பளம் மாதிரி ஒரு ஜீவனப் படி. மூத்த பெண்ணுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் தள்ளிப் போயிற்று. "தள்ளிப் போச்சு" என்றுதான் சொன்னார். அதே இடத்தில் பின்னால் நடந்ததா என்று நான் கேட்கவில்லை.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 223ஆவது பிரிவு சின்னது, நாலைந்து வரிதான். குற்றம் சாட்டப்பட்டவனையோ தண்டனை அடைந்தவனையோ சட்டப்படி காவலில் வைத்திருக்கக் கடமைப்பட்ட சர்க்கார் ஊழியன், தன் கவனக் குறைவால் அவனைத் தப்ப விட்டால், இரண்டு வருஷம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். மெக்காலேயின் கமிஷன் 1837ல் நகல் தயாரித்து, 1860ல் சட்டமாகி, 1862 முதல் அமலில் இருந்த புஸ்தகம் அது. 2024ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து அதற்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதிலே இது 261ஆவது பிரிவு. எண் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை. ஏட்டையாவுக்குப் புது எண் மனசில் நிற்க மறுக்கிறது.

ஓடின பயலுக்கு என்ன தண்டனை தெரியுமா? பழைய 224. அதற்கும் உச்ச வரம்பு இரண்டு வருஷம்தான். ஓடினவனுக்கும் இரண்டு, ஓட விட்டவனுக்கும் இரண்டு. ஓடினவனைக் கல் உடைக்கச் சொல்லலாம், ஓட விட்டவனை அப்படிச் சொல்ல முடியாது என்பதுதான் வித்தியாசம்.

வேண்டுமென்றே விட்டால் கதை வேறே. அதற்கு 221, 222 என்று இரண்டு பிரிவுகள். இப்போது 259, 260. அங்கே சட்டம் ஒரு தராசை வைத்துக்கொண்டு உட்காருகிறது. தப்ப விடப்பட்டவன் எவ்வளவு பெரிய குற்றவாளியோ அவ்வளவு பெரிய தண்டனை, விட்டவனுக்கு. தூக்குத் தண்டனைக் கைதியைக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பினால் ஆயுள் சிறையே கிடைக்கலாம். ராஜாங்கக் கைதியையோ யுத்தக் கைதியையோ மனமறிந்து விட்டாலும் ஆயுள் வரை போகலாம்; கவனக் குறைவால் விட்டாலே மூன்று வருஷம். பிளாக்ஸ்டன் எழுதிய பழைய இங்கிலீஷ் சட்டத்தில் இன்னும் பளிச்சென்று சொல்லியிருந்தது: மனமறிந்து தப்ப விட்டவன் ஓடினவனுடைய குற்றத்தையே செய்தவன் ஆகிறான். ராஜத் துரோகியை விட்டால் இவனும் ராஜத் துரோகி.

அந்த இங்கிலீஷ்காரர்கள் இன்னொரு வேடிக்கையும் செய்திருந்தார்கள். கடன்காரனைச் சிறையில் போடுகிற வழக்கம் அங்கே இருந்தது. 1869ஆம் வருஷத்துச் சட்டம்தான் அதைப் பெரும்பாலும் ஒழித்தது. கடன்காரன் தப்பி ஓடிவிட்டால், கடன் கொடுத்தவன் ஜெயில் அதிகாரி மீது வழக்குப் போட்டு அவ்வளவு பணத்தையும் வசூல் செய்துகொள்ளலாம். பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே இப்படி. கலகக் கும்பல் வந்து கதவை உடைத்து அவிழ்த்துவிட்டதே என்று அதிகாரி அழுதால், "கும்பல் மீது நீ வழக்குப் போடு, முதலில் இவனுக்குப் பணத்தைக் கொடு" என்பார்கள். இடி விழுந்தோ எதிரி நாட்டுப் படை வந்தோ உடைத்திருந்தால்தான் அவன் பிழைத்தான். அந்த அதிகாரிக்காகக் கண்ணீர் விட வேண்டாம். லண்டன் ப்ளீட் சிறையின் வார்டன் பதவி 1728ல் 5,000 பவுனுக்கு விலை போனது. கைதிகளிடமே கட்டணம் பிடுங்கிப் போட்ட முதலை எடுத்துக்கொள்கிற உத்தியோகம் அது. நம் ஏட்டையா அப்படி எதையும் விலைக்கு வாங்கவில்லை.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டே போனபோது, நான் கொஞ்சமும் எதிர்பாராத இடத்தில் நியாயமான பேச்சு ஒன்று காதில் விழுந்தது. ரோமாபுரியில்.

ரோமாபுரி என்றால் நமக்கெல்லாம் பைபிள் ஞாபகம்தான். அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு சிறையிலிருந்து மறைந்துபோன மறுநாள் ஏரோது காவலர்களை விசாரித்துக் கொலைக்குக் கொடுத்துவிடுகிறான். பிலிப்பி பட்டணத்தில் பூகம்பம் வந்து சிறைக் கதவுகள் திறந்துகொள்கின்றன. சிறைச்சாலைக்காரன் தூக்கத்திலிருந்து விழித்துப் பார்க்கிறான். உடனே கத்தியை உருவித் தன்னையே மாய்த்துக்கொள்ளப் போகிறான். கைதிகள் ஓடினார்களா என்று எண்ணிப் பார்க்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. பவுல் உள்ளேயிருந்து சத்தம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு காட்சியில் அந்த மனிதனுடைய உத்தியோகம் முழுவதும் தெரிந்துவிடுகிறது.

ஆனால் அதே ராஜ்யத்தில் இரண்டாம் நூற்றாண்டில் ஹேட்ரியன் சக்கரவர்த்தி ஓர் அதிகாரிக்கு உத்தரவு அனுப்பினார்: கைதி தப்பினால் முதலில் விசாரியுங்கள். காவலரின் மிதமிஞ்சிய அசட்டையால் போனானா, தற்செயலாகப் போனானா? பலரில் ஒருவன் போனானா, பலரும் ஒரேயடியாகப் போனார்களா? குற்றம் பெரிதென்று கண்டால் மட்டும் தண்டியுங்கள். மூன்றாம் நூற்றாண்டில் மொடஸ்டினஸ் என்ற சட்ட நிபுணர் இதையே இன்னும் விரித்தார். அவர் எழுதியதை ஜஸ்டினியன் தொகுத்த சட்டத் திரட்டில் இன்றும் படிக்கலாம். புதிதாகச் சேர்ந்த சிப்பாயிடம் கைதியை ஒப்படைக்கக் கூடாது என்கிறார். ஒப்படைத்துக் கைதி ஓடினால் குற்றம் யாருடையது? ஒப்படைத்தவனுடையது. ஒருவனிடம் விடாதே, இரண்டு பேரிடம் விடு. ஓடினவன் அற்பக் குற்றவாளி என்றால் காவலனைக் கண்டித்துவிட்டுப் பழைய வேலையிலேயே வைத்துக்கொள். இரக்கப்பட்டு விட்டானா? வேறு படைக்கு மாற்று. வஞ்சகமாக விட்டானா? அப்போது தலை போகலாம். கைதியும் ஒரு காவலனும் சேர்ந்து ஓடிவிட்ட சந்தர்ப்பத்தில், ஓடாமல் நின்ற இன்னொரு காவலனை மன்னித்ததாகவும் ஒரு வரி வருகிறது.

இதை ஏட்டையாவிடம் சொன்னேன். "யாரு சார் அந்த ஆளு? டிபார்ட்மெண்டிலே இருந்தாரா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. மூன்று கைதிக்கு இரண்டு பேர், அதில் ஒருவன் புதுப் பையன், வண்டி கிடையாது என்று ஏற்பாடு செய்த மேஜைக்கு யாரும் குற்றப் பத்திரிகை கொடுக்கவில்லை. அந்த மேஜை வாந்தி எடுத்த பயல் பக்கத்தில் நிற்கவில்லை அல்லவா? 223ஆவது பிரிவு, கைதியைக் காவலில் வைத்திருக்கக் கடமைப்பட்டவன் யார் என்று கேட்கிறது. கேட்டால் விரல் எப்போதும் பக்கத்தில் நின்றவன் மேலேதான் போய் நிற்கிறது. 1995ல் வேலூர்க் கோட்டையிலிருந்து விடுதலைப் புலிகள் நாற்பத்து மூன்று பேர் சுரங்கம் தோண்டி வெளியேறினார்கள். ஹேட்ரியன் கேட்டாரே, பலரில் ஒருவனா, பலரும் ஒரேயடியாகவா என்று, அந்தக் கேள்வியின் அர்த்தம் அங்கே விளங்குகிறது. ஒருவன் நழுவுவதற்கு ஒரு கணம் தலை திரும்பினால் போதும். நாற்பத்து மூன்று பேர் சுரங்கம் தோண்ட வேண்டுமானால் பல நாள் பல பேர் தலை திரும்பியிருக்க வேண்டும். தோண்டின மண் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்காமல் இருந்திருக்க வேண்டும்.

"விலங்கு போட்டிருந்தால் அந்தப் பயல் ஓடியிருப்பானா?" என்று வாசகர் கேட்கலாம். நானும் கேட்டேன்.

"போட்டிருந்தா நான் கோர்ட் அவமதிப்பு சார்" என்றார் ஏட்டையா.

இதுதான் இந்த விஷயத்தின் முள். பிரேம் சங்கர் சுக்லா என்ற விசாரணைக் கைதி திஹார் சிறையிலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குத் தந்தி அடித்தான், தன்னை விலங்கிட்டே கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று. 1980ல் தீர்ப்பு எழுதியவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுக்காரர்; 1948ல் தாமே ஒரு மாதம் சிறையில் இருந்தவர்; 1957ல் கேரளத்தில் சிறைத் துறை உள்பட மந்திரியாகவும் இருந்தவர். சிறையின் இரண்டு பக்கத்துச் சுவரும் அவருக்குத் தெரியும். அந்தக் காலத்துப் பஞ்சாப் போலீஸ் விதிப்படி அந்தஸ்துள்ள கைதிக்குப் பொதுவாக விலங்கு கிடையாது, சாதாரணக் கைதிக்கு உண்டு. சொத்தும் படிப்பும் உள்ளவன் ஓட மாட்டான், ஏழை ஓடுவான் என்பது எந்த ஊர் தர்க்கம் என்று அவர் அதைத் தூக்கி எறிந்தார். விலங்கு பூட்டுவதே முதல் பார்வையில் மனிதத் தன்மைக்கு விரோதம். காவலருக்குச் சௌகரியம் என்பது காரணமாகாது. வேறு வழியே இல்லை என்றால் காரணத்தை எழுதிவைத்து நீதிபதியின் சம்மதம் பெற வேண்டும் என்றார். 1995ல் அஸ்ஸாம் வழக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கைதிகளை விலங்கிட்டுக் கயிற்றால் கட்டியிருந்ததைப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கடிதம் எழுதி வெளிப்படுத்தினார். மாஜிஸ்ட்ரேட் உத்தரவில்லாமல் விலங்கிட்டால் அவமதிப்புக் குற்றம் என்று கோர்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஏட்டையாவின் பஸ் பிரயாணம் அதற்கு அடுத்த வருஷம்.

கிருஷ்ணய்யர் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். சைக்கிள் திருடின இருபது வயசுப் பையனை டவுன் பஸ்ஸில் நாலு பேர் பார்க்க விலங்கோடு கொண்டுபோவதை எந்த வாதத்தாலும் அழகாக்க முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே இன்னொரு பாதியும் இருக்கிறது. தப்புவதைத் தடுக்க விலங்கு ஒன்றுதானா வழி? காவலர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், பயிற்சி கொடுங்கள், பத்திரமான வண்டியில் கொண்டுபோங்கள் என்கிறார். முதல் பாதி ஏட்டையாவின் ஸ்டேஷனுக்குச் சர்க்குலராக வந்து சுவரில் ஒட்டப்பட்டது. இரண்டாவது பாதிக்கு வண்டி இல்லை என்று பதில் வந்ததைத்தான் மேலே சொன்னேனே! பாவம், விலங்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக அந்த மனிதன் கையில் தந்தது 223ஆவது பிரிவு ஒன்றுதான்.

2023ல் இயற்றிய புதிய நடைமுறைச் சட்டத்தில், 43ஆவது பிரிவில், விலங்கு திரும்பி வந்திருக்கிறது. கொலை, பயங்கரவாதம், போதைப் பொருள் என்று ஒரு பட்டியல். அதோடு வழக்கமான குற்றவாளியும், ஏற்கெனவே காவலிலிருந்து ஓடினவனும். அப்படிப்பட்டவர்களைக் கைது செய்யும்போதும் கோர்ட்டுக்குக் கொண்டுவரும்போதும் குற்றத்தின் தன்மையை யோசித்து விலங்கு போடலாமாம். யோசிக்க வேண்டியவர் போலீஸ் அதிகாரி. யோசனை தப்பினால் யார் தலையில் விழும் என்று ஏட்டையாவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவருடைய கேஸ் எப்படி முடிந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். கைதி ஓடினான் என்பதாலேயே காவலன் கவனக் குறைவாக இருந்தான் என்று ஆகிவிடாது. அசட்டையைப் பிராசிக்யூஷன்தான் நிரூபிக்க வேண்டும். அவர்கள் அந்தச் சைக்கிள் திருடனையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். "ஏட்டையா மேலே தப்பு இல்லீங்க, நான்தான் ஓடினேன்" என்று அவன் சொல்லிவிட்டான். ஏன் தலையைத் திருப்பினாய் என்று சர்க்கார் வக்கீல் இவரைக் குடைந்தார். தண்ணீர் வாங்க என்றார். கைதிக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுப்பது உன் வேலையா என்றார் வக்கீல். ஆமாம் என்றார் இவர். நோயாளிக் கைதிக்குத் தண்ணீர் வாங்கத் திரும்புவது விவேகமுள்ள எந்தக் காவலனும் செய்யக்கூடியதுதான் என்று சொல்லி மாஜிஸ்ட்ரேட் விடுதலை செய்தார். ஆனால் இலாகா விசாரணைக்கு அவ்வளவு கெட்டியான ருசு தேவையில்லையே. கோர்ட் விட்டாலும் இலாகா விடவில்லை. "இன்னும் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம்" என்று ஓர் இங்கிரிமெண்டை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள்.

இதெல்லாம் நடந்து பல நாள் கழித்து, மொடஸ்டினஸின் இரக்க விஷயம் மறுபடி பேச்சில் வந்தது. இரக்கப்பட்டு விட்டவனுக்கு வேலை மாற்றம்தான் என்றேனே, அது ஏட்டையாவின் மனசில் எங்கோ தைத்திருந்தது போலும். தெருவில் யாரும் வருகிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். கேட் சம்பவத்துக்கு முந்தின சங்கதி. ஏழு வருஷத் தண்டனைக் கைதி ஒருவனை ஒரு ஜெயிலிலிருந்து இன்னொரு ஜெயிலுக்கு ரயிலில் கொண்டுபோகிறார்கள். வழியில் வண்டி மாற வேண்டிய ஜங்ஷன். அடுத்த வண்டிக்கு நாலு மணி நேரம். இரண்டு மைலில் அவனுடைய கிராமம். தாயார் சாகக் கிடக்கிறாள். கூட வந்த கான்ஸ்டபிளை மூட்டைகளோடு பிளாட்பாரத்தில் உட்கார வைத்துவிட்டு, இவர் அவனை வரப்பு வழியாக நடத்திக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"ஓடியிருந்தா?" என்றேன்.

"இருநூத்தி இருபத்து ரெண்டு சார். கவனக் குறைவுன்னு சொல்ல முடியாதே. மூணு வருஷம்."

அரை மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பினார்களாம். வண்டிக்கு இன்னும் நேரம் இருந்ததாம். கிழவிக்கு மகனை அடையாளம் தெரிந்ததா என்று கேட்டேன்.

"கண்ணு தெரியாது சார். குரலை வெச்சுக் கண்டுபிடிச்சா. கூட வந்திருக்கிறது யாருடான்னு கேட்டா. சிநேகிதன்னு சொன்னான். என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுக்கச் சொன்னா."

"குடித்தீர்களா?"

"குடிச்சேன்" என்றார் ஏட்டையா.